ஒன்றரை வெள்ளி முத்திரை

அரை நாள் லீவு போட்டுவிட்டு
பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறினேன்.
லைட் ஸ்திரீட் கோர்ட்டின் பின்கட்டில்
ஏசி ஓடாத ஓர் அறை.
ரோஸ்னானி என்ற அம்மையார்
மூன்று முறை தும்மிவிட்டு
ஒரு பேரேட்டை என் பக்கம் திருப்பினார்.
‘இதில் இல்லையென்றால் எதிலும் இல்லை, அண்ணே.’
அண்ணே மட்டும் தமிழில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு.
சன்னாசியைத் தேடினேன். எஸ்ஸில் இல்லை.
ச-வுக்கு ஆங்கிலத்தில் எத்தனை வாசலோ
அத்தனையையும் தட்டினேன்.
கடைசிப் பக்கத்தில், இசட்டில் இருந்தார்:
ஸனாஸே.
எந்தக் கிராணியின் காதோ.
சாமியார் பெயரை வைத்துக்கொண்டு
பிள்ளை வேண்டி மனுப் போட்ட
ஜெட்டிக் கூலி, என் தாத்தா.

மனு எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
பெண் சிசு. சீன இனம். வயது ஐந்து வாரம்.
தத்து.
முத்திரைக் கட்டணம் ஒன்றரை வெள்ளி, பெறப்பட்டது.
ஒரு தேதி. மனுதாரர் வரவில்லை.
இன்னொரு தேதி. வரவில்லை.
அப்புறம் ஒரு கோடு கூட இழுக்கவில்லை.

கட்டு எங்கே என்றேன்.
கோப்பில் ஏறவே இல்லை என்றார்.
கரையான் தின்றிருந்தால்
கூரை ஒழுகி ஊறிப்போயிருந்தால்
யார் மேலாவது கோபப்பட்டிருப்பேன்.
அந்தத் தாளில்தான் இருந்திருக்கும்
பெற்றவளின் பெயர், கைநாட்டு,
எந்தச் சந்து, எத்தனையாவது பெண்.

வராமல் எங்கே போனார் மனிதர்?
அரிசிக் கப்பல் வந்திருக்கும்.
நாள் கூலி இரண்டு வெள்ளி எண்பது காசு.
அரை நாள் லீவு என்று ஒன்று
அவர் காதில் விழுந்தே இருக்காது.
பிள்ளைதான் கைக்கு வந்தாயிற்று,
பேச்சாயி பால்புட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்,
இனிமேல் கோர்ட்டு என்னத்தைத் தரப்போகிறது?

ஆக, சட்டப்படி
அந்த வீட்டுக்கு மகளாகாமலே
அறுபத்தொன்பது வருஷம் இருந்தாள்
என் அம்மா, பவளக்கொடி.
பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுச் சீனக் கிழவி
ஹொக்கியனில் மருமகள் கதையைத் தொடங்குவாள்.
அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு
‘எனக்குத் தெரியாதுங்க’ என்பாள்,
அதையும் தமிழில்.
தெரிந்ததெல்லாம் மீன் பசாரில் பழகிய எண்கள்தான்:
சிட், நோ, சா, சீ, கோ.
பேரம் பேசும்போது மட்டும்
அவள் முகமும் வாயும் ஒரே ஊர்.

அப்பாவோடு சண்டை முற்றினால்
‘நான் சன்னாசி மக, ஞாபகம் வச்சுக்க’ என்று
கரண்டியைக் கீழே போடுவாள்.
அதற்கு மேல் அவர் பேசியதில்லை.

போன மாதம் கிளினிக்கில் கேட்டார்கள்:
சர்க்கரை உங்கள் பரம்பரையில் உண்டா,
அம்மா வழியில்?
‘தாத்தாவுக்கு இருந்தது’ என்றேன்.
நர்ஸ் எழுதிக்கொண்டாள்.
படியிறங்கும்போதுதான் உறைத்தது.
அதனால்தான் வந்தேன்,
வேறு வீரமொன்றும் இல்லை.

நகல் வேண்டுமென்றால் பாரம் நிரப்பவேண்டும்.
பெயர். அடையாளக் கார்டு எண்.
மனுதாரருக்கு என்ன உறவு?
பேனா அந்தக் கட்டத்தில் நின்றது.
ரோஸ்னானி மணியைப் பார்த்தார்,
சோற்றுப் பொட்டலம் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.
‘சூச்சூ’ என்று எழுதினேன்.
பேரன்.
படித்துக்கூடப் பார்க்கவில்லை அவர்.
சாப் ஒன்று ஓங்கி அடித்து
இரண்டு துளை போட்டு
ஃபைலில் கோத்தார்.

ஒரு மணி ஃபெர்ரியைப் பிடிக்க
ஓடவேண்டியிருந்தது.